மாமியின் நாய் கடித்த மருமகன்

கோணாமலை பிறந்தது வாகரைப் பக்கம். தாய் ஆச்சிப்பிள்ளை. ஆச்சிப்பிள்ளையின் தமையன் கதிர்காமத்தம்பி. அந்தக் கதிர்காமத்தம்பியின் பெண்சாதிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சிதான் கண்ணகை. அப்படிப் பார்த்தால் கலியாணத்துக்கு முன்னமே கண்ணகை கோணாமலைக்கு மாமி முறைதான். கலியாணம் பேச வந்த பெரியவர்கள் இந்த முறையைக் கூட்டிப் பெருக்கிச் சரிபார்த்து முடிக்கிறதற்குள் தட்டத்தில் வைத்த பலகாரம் தீர்ந்துபோனது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் போய்ச் சேர வேண்டும். கோணாமலையும் ஒரு துணிப்பையும் ஒரு வீச்சுவலையுமாக வாழைச்சேனை ஆற்றங்கரையில் இருக்கிற கண்ணகையின் வளவுக்குக் குடிவந்தான். பெண்சாதி சுலோஜனா நல்லவள். மாமியும் நல்லவள்தான், ஆனால் அதை அவன் கேள்வியால்தான் அறிந்தான். ஏனென்றால் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைக்கிறது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அவன் முன்வாசலால் ஏறினால் மாமி அடுப்படிக் குசினிக்குள் போவாள். அவன் கிணற்றடிக்குப் போனால் மாமி வேலிப் பக்கம் திரும்பி நிற்பாள். கோபம் ஒன்றும் கிடையாது. மரியாதை முற்றினால் பார்க்கிறதற்குப் பகை மாதிரித்தான் இருக்கும்.

ஆனாலும் ஒரு வளவுக்குள் இருக்கிற இரண்டு பேருக்குச் சொல்லிக்கொள்ள எவ்வளவோ இருக்கும். சோறு வெந்ததைச் சொல்ல வேண்டும், மீன் வந்ததைச் சொல்ல வேண்டும். சுலோஜனா நிற்கிறபோது அவள் சேதியை வாங்கிக் கொடுப்பாள். அவள் இல்லாத நேரம் அந்த உத்தியோகம் வீட்டு நாய்க்கு. முதலில் கறுப்பி என்றொரு நாய் பார்த்தது. அது செத்த பிறகு சிங்கன் வந்தான். பேர்தான் சிங்கன், ஆள் ஒரு முழம்.

"சிங்கன், சோறு போட்டு மூடியிருக்கு, ஆறுறதுக்குள்ள தின்னச் சொல்லு" என்பாள் மாமி, குசினிக்குள் இருந்து.

"சிங்கன், இண்டைக்குக் குழம்பில உப்புக் கூட. சொல்லிராத, மனசு நோகும்" என்பான் கோணாமலை, குசினிக்குக் கேட்கிற மாதிரி.

சிங்கன் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் வாலை ஆட்டுவான். சண்டை இல்லாமல் காலம் போனது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தது. போன வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் நாய்களுக்கு வெறி பிடிக்காமல் இருக்க விசர்நோய்த் தடுப்பூசி போடுகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மாமி முற்றத்தைப் பார்த்து, "சிங்கன், உன்ன ஊசிக்குக் கொண்டு போகணுமாம் எண்டு அவருக்குச் சொல்லு" என்றாள். கோணாமலை அந்த நேரம் தோணியில். சேதி சிங்கனிடம் மட்டும் போய்ச் சேர்ந்தது. சிங்கன் ஊசி என்ற சொல்லைக் கேட்டோ கேட்காமலோ கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தான். மருமகன் கொண்டுபோயிருப்பான் என்று மாமி நினைத்தாள். மாமியின் நாயை மாமி கொண்டுபோயிருப்பாள் என்று மருமகன் நினைத்தான். கேட்டுப் பார்க்கிறதென்றால் மறுபடியும் சிங்கனிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த வருடம் ஆனி பிறந்ததும் சுலோஜனா கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற கூட்டத்தோடு புறப்பட்டாள். உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கிவிட்டால் போன் வேலை செய்யாது. மகன் தனுசன் கட்டாரில். வளவுக்குள் மாமியும் மருமகனும் சிங்கனும் மட்டும்தான்.

அப்போதுதான் சிங்கனுக்கு ஒரு மாதிரி ஆனது. அதற்கு முந்திய மாதம் மீன் காயவைக்கிற வாடிப் பக்கத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு நாயோடு கடிபட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தக் காயம் ஆறிவிட்டது. இப்போது சோறு வைத்தால் மணந்து பார்த்துவிட்டு விலகினான். கவிழ்த்து வைத்த தோணிக்குக் கீழே இருட்டில் போய் ஒதுங்கினான். குரைத்தால் கரகரத்த குரல். கீழ்த்தாடை தொங்க, வாயால் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது.

"தொண்டையில மீன் முள்ளு சிக்கியிருக்கு" என்று மாமி தன்பாட்டில் தீர்ப்புச் சொன்னாள். சிங்கனை மடியில் போட்டு, வாயைப் பிளந்து, கையை உள்ளே விட்டுத் துழாவினாள். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கோணாமலை இதைக் கண்டும் காணாதவன் மாதிரி இருந்தான். மாமியை உற்றுப் பார்க்கக் கூடாதல்லவா?

அடுத்த நாள் விடிய அவன் தோணிக்குக் கீழே கிடந்த வலையை இழுக்கக் காலை வைத்தான். சிங்கன் ஒரு உறுமல் கூட இல்லாமல் குதிகாலுக்கு மேலே கவ்விவிட்டு, வேலிக்கு வெளியே ஓடிப்போனான்.

பெரிய காயம் இல்லை. பல் பதிந்து இரத்தம் கசிந்தது, அவ்வளவுதான். கோணாமலை இடுப்பில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கிள்ளித் தடவினான். தண்ணீர்கூட ஊற்றவில்லை. நொண்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான்.

"காலில என்னவாம்?" என்று குசினி கேட்டது. கேட்டது யாரிடம் என்று குசினிக்கே தெரியாது, ஏனென்றால் சிங்கன் அங்கே இல்லை.

கோணாமலை ஒரு நிமிடம் யோசித்தான். மாமியின் நாய் கடித்தது என்று மருமகன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? மாமியின் சோற்றைத் தின்றுகொண்டு மாமியின் நாயைக் குற்றம் சொல்லுகிறான் என்று அர்த்தம். வாகரையில் ஆச்சிப்பிள்ளை வளர்த்த பிள்ளை அப்படிச் சொல்லலாமா?

"கெளிறு மீன் முள்ளுக் குத்திப் போட்டுது" என்று பூவரசு மரத்துக்குச் சொன்னான்.

இரண்டு நாளைக்குப் பிறகு, ஆற்றோரச் சதுப்பில் இருக்கிற கண்ணாப் பற்றைக்குள் சிங்கன் செத்துக் கிடந்தான். கோணாமலைதான் கிடங்கு வெட்டித் தாட்டான். மாமி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதாள். அவன் அந்தப் பக்கம் நின்று மரியாதையாக வேறு திசையைப் பார்த்தான்.

அன்று பின்னேரம் வீடு வீடாகச் சீலை விற்கிற ஓட்டமாவடி ஆயிஷா உம்மா பொதியோடு வந்தாள். கண்ணகைக்கும் ஆயிஷா உம்மாவுக்கும் பழக்கம் இரண்டு பேரின் தாய்மார் காலத்தில் இருந்தே. சிங்கனின் கதையைக் கேட்டதும் ஆயிஷா உம்மா விரித்த சீலையை அப்படியே மடித்தாள்.

"என்னகா கண்ணகை, தாடை தொங்கினதா? எச்சி ஊத்தினதா? தண்ணி குடிக்க ஏலாமக் கிடந்ததா?"

"ஓம் கா. முள்ளுச் சிக்கினது எண்டு நினைச்சன்."

"முள்ளும் இல்ல, கிள்ளும் இல்ல! அது விசர் நாய்! எங்கட மூத்த வாப்பாட மகன் றஹீம் காக்காவை உனக்கு நினைவிருக்கா? கொட்டப்பாக்குக் கடை வெச்சிருந்தாரே, இடது கண் கொஞ்சம் சின்னம்?"

"ஓம், அவர்ட பெண்சாதி மீராவோடைக்காரி."

"அவரேதான். ஒரு குட்டி நாய். கையளவு. விளையாட்டுக்குக் கவ்வின. நாய்ட வாய் பட்டா ஏழு தரம் கழுவுற ஆக்கள் நாங்க, அவரும் கழுவித்தான் போட்டாரு. ஆனா ஆசுபத்திரிக்குப் போகல்ல. குட்டி தானே எண்டு இருந்திட்டாரு. காயமும் ஆறிச்சு. ரெண்டு மாசத்தால தண்ணிக் கோப்பையக் கண்டா நடுங்கினாரு. காத்து முகத்தில பட்டா நடுங்கினாரு. பிறகு டாக்குத்தர்மாரால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. அந்த வருத்தம் வெளிய வந்தா மருந்தில்ல கா. வர முந்தி ஊசி போட்டா வரவே வராது. உங்கட வளவில ஆரையும் கடிச்சதா?"

மாமி மெதுவாகத் திரும்பினாள். முற்றத்தின் கடைசியில் கோணாமலை நொண்டிக்கொண்டு போய்த் தோணியின் கவிழ்த்த அடியில் உட்கார்ந்தான்.

ஆயிஷா உம்மா போன பிறகு விசாரணை தொடங்கியது. மாமி முதலில் அடைகாத்த கோழியிடம் போனாள்.

"கோழி, கெளிறு முள்ளுத்தானா எண்டு சரியாக் கேள்."

"கோழி, கெளிறுதான் எண்டு சொல்லு."

"கோழி, கெளிறு வெளிய வந்து கரையில ஏறிக் குதிகாலுல குத்துமா எண்டு கேள்."

கோழி எழும்பிப் போய்விட்டது.

மாமி உள்ளே போய்ப் போனை எடுத்தாள். கட்டாரில் தனுசனுக்கு வேலை நேரம்.

"மகன், உன்ட அப்பாட்டக் கேள், காலில நாய் கடிச்சதா எண்டு."

"அம்மம்மா, அப்பா எங்க?"

"முத்தத்தில இருக்காரு."

"நீங்க எங்க?"

"நானும் முத்தத்திலதான்."

கோணாமலையின் போன் அடித்தது. கட்டார்.

"அப்பா, அம்மம்மா கேக்கிறா, உங்களுக்கு நாய் கடிச்சதாம்?"

"கெளிறு முள்ளு எண்டு சொல்லு மகன்."

மாமியின் போன் அடித்தது. "கெளிறு முள்ளாம் அம்மம்மா. இஞ்ச பாருங்க, மேலதிகாரி பாக்கிறான், நான் வைக்கிறன்."

கடல் கடந்து போய் வந்த அந்தப் பொய் மாமியின் காதுக்கு முன்னமே நேராகக் கேட்டிருந்தது. அவள் போனைச் சேலை முந்தியில் முடிந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள். பிறகு கலியாணம் நடந்த நாளில் இருந்து ஒரு நாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். முற்றத்தைத் தாண்டி வந்து, கோணாமலைக்கு நேர் முன்னால் நின்றாள்.

"மருமகன்."

கோணாமலை தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். ஆறுதான் இருந்தது.

"உங்களத்தான். கால நீட்டுங்க."

அவன் எழும்ப வேண்டும் என்று நினைத்தான், ஓட வேண்டும் என்றும் நினைத்தான். இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போய்த் தோணியில் இருந்து வழுக்கி மணலில் விழுந்தான். விழுந்தபோது கால் தானாகவே நீண்டது. மாமி குனிந்து பார்த்தாள்.

"கெளிறு குத்தினா ஒரு ஓட்டை இருக்கும். இதில மேலயும் கீழயும் பல் வரிசை இருக்கு. கெளிறுக்கு எப்ப மருமகன் பல்லு முளைச்சது?"

அவன் பூவரசைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாமிட நாய் கடிச்சதெண்டு எப்படி வாயால சொல்லுற?"

"நீங்க செத்தா, மாமிட நாய் கடிச்சுத்தான் மருமகன் செத்தான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுமே. அது நல்லா இருக்குமா?"

இந்தப் பக்கத்தை அவன் யோசித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமியைப் பிடிக்க முடியவில்லை. பைப்படியில் இருத்தினாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். "சவுக்காரத்தப் போட்டு நல்லாக் கழுவுங்க. இன்னும். இன்னும் கழுவுங்க. சுண்ணாம்பு ஒரு பொட்டு இருக்கக் கூடா" என்று தோல் வெளுக்கிற வரைக்கும் விடவில்லை. ஓட்டோக்காரச் சிவதர்ஷனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஓட்டோ வந்தது. இப்போது புதிய பிரச்சினை. பின் இருக்கை ஒன்றுதான். மாமியும் மருமகனும் ஒரே இருக்கையில் இருக்கிறதா? கோணாமலை முன்னால் போய்ச் சிவதர்ஷனின் இருக்கையில் பாதியைப் பிடித்தான்.

"அண்ணன், நான் எங்க இருக்கிற? ஹாண்டில்ல இருக்கட்டா?"

"ஒதுங்கி இருந்து ஓட்டு தம்பி. ஒரு பக்கம்தானே."

"பொலிஸ் மறிச்சா என்ன சொல்லுற?"

"மாமி பின்னால இருக்கிறா எண்டு சொல்லு. அவங்களுக்கு விளங்கும்."

வழியில் கோணாமலைக்கு இன்னொரு பயம் வந்தது. "தம்பி, தொப்புளச் சுத்தி ஊசி குத்துவாங்களாமே? எங்கட கனகசிங்கம் மாமாவுக்குக் குத்தினதாம், அவரு ஒரு மாசம் குனியல்லயாம்."

"அது அந்தக் காலத்துக் கதை அண்ணன். இப்ப கையில. நுளம்பு கடிச்ச மாதிரி."

ஆசுபத்திரியில் தாதி அஜந்தா மிஸ்ஸி கதையைக் கேட்டுக் காயத்தைப் பார்த்தாள். "நாய்க்கு ஊசி போட்டிருந்ததா?"

மாமி மருமகனைப் பார்த்தாள். மருமகன் மாமியைப் பார்த்தான். ஒரு வருடத்துக்கு முந்திய சேதி அப்போதுதான் இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

"இல்ல மிஸ்ஸி" என்றார்கள் சேர்ந்து.

"நாய் செத்தும் போச்சு. அப்ப யோசிக்க ஒண்டுமில்ல, தொடங்கத்தான் வேணும். சுண்ணாம்பு ஆரு பூசச் சொன்ன? கடிச்ச உடனே ஓடுற தண்ணில சவுக்காரம் போட்டுக் கழுவணும், கழுவின கையோட இஞ்ச வரணும். நல்ல காலம், இப்பயாவது வந்தீங்க." பிறகு மாமியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்களுக்கு அந்த நாயால ஒண்டும் இல்லயே? கடி, கீறல், எச்சில் பட்டது?"

"எனக்கு ஒண்டும் இல்ல. என்ன அது கடிக்கல்ல. நான் மருமகனக் கூட்டி வந்த, அவ்வளவுதான்."

சிங்கனின் வாய்க்குள் போன கையைக் கோணாமலை கண்ணால் கண்டவன். அந்தக் கையில் முள்ளுத் தேடிய அன்றைக்குக் காலையில் சூடை மீன் வெட்டும்போது பட்ட அருவாக் கீறல் இருந்ததையும் அறிந்தவன். துணி சுற்றியிருந்தாள், நாயின் வாய்க்குள் விடும்போது துணி இல்லை. ஆனால் சபை நடுவில் மாமி சொன்னதைப் பொய் என்று மருமகன் சொல்கிறதா? அவன் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தான்.

"காத்தாடி, முள்ளு எடுத்த கதையச் சொல்லச் சொல்லு."

"ஆரோட கதைக்கிறீங்க?" என்று கேட்டாள் அஜந்தா மிஸ்ஸி. நோய் தலைக்கு ஏறிவிட்டதோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம்.

மாமி எழும்பி வாசலுக்குப் போகத் தொடங்கினாள். இனிக் காற்றாடியை நம்பிப் பிரயோசனம் இல்லை.

"மாமி பொய் சொல்லுறா மிஸ்ஸி!" கோணாமலையின் குரல் நோயாளர் வாட்டின் மற்றப் பக்கம் வரை கேட்டது. "நாய்ட வாய்க்குள்ள மணிக்கட்டு மட்டும் கை விட்டவ! விரலில வெட்டுக் காயம்! மாமி, நில்லுங்க, எங்க போறீங்க? றஹீம் காக்காவப் போல போகப் போறீங்களா?"

வாட்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். மாமி நின்றாள். இவ்வளவு சத்தம் மருமகனின் தொண்டைக்குள் இருக்கிறதென்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"அம்மா, வெட்டுக் காயத்தில அந்த எச்சில் பட்டா கடிச்ச மாதிரித்தான்" என்றாள் மிஸ்ஸி. "வாங்க, இருங்க."

"எனக்கு வயசு போன உடம்பு. இருந்தா என்ன, போனா என்ன?"

"மாமி, நீங்க போனா எனக்குச் சோறு ஆர் போடுற?" என்றான் கோணாமலை.

மாமி வந்து இருந்தாள். டாக்டர் பார்த்தார். காயத்தைச் சுற்றியும் கையிலுமாக மருந்து ஏற்றினார்கள். கோணாமலை கண்ணை மூடினான், மாமி மூடவில்லை. இன்னும் எப்போதெப்போது வர வேண்டும் என்று மிஸ்ஸி சொல்லி, "ஒண்டையும் விடக் கூடா, காயம் ஆறினாலும் வரணும்" என்று இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கினாள். சுகாதார அலுவலர்கள் பிறகு ஊருக்கு வந்து மற்ற நாய்களையெல்லாம் பிடித்து ஊசி போட்டார்கள். இந்த முறை ஒரு நாயிடமும் சேதி சொல்லி அனுப்பவில்லை, வீடு வீடாக வந்து கேட்டார்கள்.

ஆனால் கதவு ஒருமுறை திறந்துவிட்டால் மூடுவது கஷ்டம். வரும் வழியிலேயே ஓட்டோவுக்குள் தொடங்கியது.

"குழம்பில உப்புக் கூட எண்டு நாயிட்டச் சொன்னீங்களே, ஏன் எனக்கு நேராச் சொல்லல்ல?"

"மாமி, நீங்க மட்டும்? 'குறட்டை விடுறாரு எண்டு சொல்லு' எண்டு கறுப்பிட்டச் சொன்னது எனக்குக் கேக்கல்லயா?"

சிவதர்ஷன் ஓட்டோவை நிறுத்தி, "ரெண்டு பேரும் இறங்கி முடிச்சிட்டு ஏறுங்க" என்றான்.

சுலோஜனா கதிர்காமத்தில் இருந்து திருநீறும் கருத்த முகமுமாக வந்து சேர்ந்தபோது, தாயும் புருஷனும் கிணற்றடியில் நின்று புளியைப் பற்றி நேருக்கு நேர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூட்டையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டாள். "ஆர் இவங்கட வாயத் திறந்து விட்ட?" என்று கேட்டவள், முழுக் கதையும் தெரிந்த பிறகு இருந்த இடத்திலேயே அழுதாள். அழுது முடித்ததும், "இனி என்ன நடுவில இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கடைசி ஊசி மட்டும் மிச்சம் இருந்தது. அந்த நாள் பார்த்து ஆற்றில் இறால் பாடு, வலை போட்டால் அள்ளலாம். பக்கத்து வளவு நாகரெத்தினத்தின் தோணியும் மற்றத் தோணிகளும் விடியவே இறங்கிவிட்டன. கோணாமலையின் கால் ஆறித் தழும்பும் மங்கிப்போயிருந்தது.

"போட்ட ஊசி போதும் மாமி. கால் நல்லாத்தானே இருக்கு. நாளைக்குப் போவம்."

"றஹீம் காக்காட காயமும் ஆறித்தான் இருந்தது."

"இறால் நிக்காது மாமி!"

மாமி சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகினாள். தண்ணீருக்குள் இறங்கி, தள்ளுவதற்குத் தயாராக நின்ற தோணியில் ஏறி நடுவில் குந்தினாள். பிறந்ததில் இருந்து ஆற்றங்கரையில் இருந்தவள், தோணியில் ஏறுகிறது அன்றைக்குத்தான் முதல் தரம். இரண்டு பக்க விளிம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, இறங்குங்க. வலை போடணும்."

"என்னோட சேத்துப் போடுங்க."

சுலோஜனா வேலிப் படலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். "நான் இதில இல்ல" என்றாள்.

கோணாமலை வலையைக் கரையில் போட்டான். தோணியைத் தள்ளினான், ஏறினான், கம்பை ஊன்றினான். ஆறு மேற்கே இறால் வெள்ளத்தோடு பளபளத்தது. அவன் தோணியைக் கிழக்கே, ஆசுபத்திரி இருக்கிற கரைக்குத் திருப்பினான். பாலத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சந்தைக்குப் போன ஒருவர் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

"கோணாமலை! மாமிய எங்கடா கடத்துறாய்?"

"நான் எங்க கடத்துற? அவதான் என்னக் கடத்துறா, ஊசிக்கு!"

"அவன்ட வாயப் பாக்காம கம்பப் பாருங்க மருமகன்" என்றாள் மாமி, விளிம்பை விடாமல். "தோணி சாயுது. ஊசி போட முந்தி என்னக் கொல்லப் போறீங்க."